சோதனை முடிந்த மறுநாள்

புதிதாய்க் கண்ட மருந்தொன்று மெய்யாகவே பயன் தருவதா என்று அறிய வேண்டின், நோயாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்கு அம்மருந்தையும் மற்றையோர்க்கு அதே வடிவும் நிறமுமுடைய போலி மாத்திரையையும் கொடுத்து, எவருக்கு எது கிடைத்தது என்பதை நோயாளரும் வைத்தியரும் அறியாதவாறு மறைத்துவைத்து, இறுதியிற் கணக்குப் பார்ப்பதே தக்க முறை என்பதை நம் கலாசாலை விஞ்ஞான மாணவர் யாவரும் அறிவர். இம்முறையைக் குறை கூற நாம் முற்படவில்லை. சோதனை தோற்றுப்போன மறுநாள், அதற்குத் தம் பிள்ளைகளை ஒப்புவித்த பெற்றோர்க்கு என்ன கடன் உண்டு என்பதே நமது கேள்வி.

இக்கேள்விக்குப் பிரஜைல் எக்ஸ் என்னும் பிறவிக் குறையின் வரலாற்றினும் தெளிந்த உதாரணத்தை நாம் அறியோம். 1943-ஆம் ஆண்டில் மார்ட்டின் என்னும் வைத்தியரும் ஜூலியா பெல் என்னும் அம்மையாரும் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை ஆராய்ந்து, அறிவு வளர்ச்சிக் குறை தாய் வழியே ஆண்மக்களுக்கு இறங்கிவருவதை எழுதி வெளியிட்டனர். (பெல் அம்மையார் கணிதம் வல்லவர். கேம்பிரிட்ஜிற் பயின்றும், அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க மறுத்தமையால், டப்ளினிலே பட்டம் பெற்றார். நம் மாணவியர் இதனை அறிந்திருத்தல் நன்று.) 1969-இல் லப்ஸ் என்பார் இத்தகைய குடும்பத்தவரின் எக்ஸ் குரோமோசோமின் முனையருகே ஒடியப்போவது போன்றதோர் இடத்தைக் கண்டார். பிறகு வேறு பல ஆய்வுக்கூடங்களில் அதனைத் தேடினோர்க்கு அது புலப்படவேயில்லை. 1977-இல் ஆஸ்திரேலியாவில் சதர்லாந்து என்பார் காரணத்தை வெளியிட்டார்: உயிரணுக்களை வளர்க்கும் ஊட்ட நீரில் போலிக் அமிலம் குறைந்திருந்தாலன்றி அவ்விடம் தோன்றாதாம். சிறந்த ஊட்ட நீரை உபயோகித்தவர் கண்ணுக்கே அது மறைந்திருந்தது! பொருள் உண்டாயினும், பார்க்கும் முறை பிழைபட்டால் இல்லையென்றே தோன்றும் என்பதற்கு இது நல்ல சான்று. பின்னர் வருவதற்கும் இது துணையாகும்.

1991-இல் மரபணுவே அகப்பட்டது. அம்மரபணுவில் மூன்றெழுத்துத் தொடரொன்று சாதாரண மக்களிடம் நாற்பத்தைந்துக்கும் குறைந்த முறையே வருவதாயிருக்க, இக்குறையுடையாரிடம் இருநூறு முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து, மரபணுவையே ஊமையாக்கிவிடுகிறது. அது செய்யவேண்டிய புரதம் செய்யப்படாமையால் மூளையின் நரம்பிணைப்புகள் செவ்வனே முதிர்வதில்லை. பேச்சு தாமதிக்கும். பிள்ளை எதிரிலிருப்பாரைக் கண்ணோடு கண் நோக்காது, கைகளை உதறும், புதிய இடமும் பெருத்த ஓசையும் அதற்குப் பேரச்சமாம். ஆண்களில் ஏறத்தாழ நாலாயிரம் முதல் ஏழாயிரம் பேருக்கு ஒருவர் இவ்வாறு பிறக்கின்றனர் என்பர்.

2004-இல் பேர், ஹியூபர், வாரன் என்னும் மூவர் ஒரு கொள்கையை வெளியிட்டனர். நரம்பிணைப்பில் புரதவாக்கத்தை முடுக்கும் வாயிலொன்று உண்டென்றும், மறைந்துபோன புரதம் அம்முடுக்கத்தை அடக்கும் கடிவாளமாயிருந்ததென்றும், கடிவாளமற்ற குதிரையை நிறுத்த வேண்டின் முடுக்குவதையே தணிக்கலாமென்றும் கூறினர். எலிகளிடத்தும் ஈக்களிடத்தும் இது வியக்கத்தக்கவாறு பலித்தது. பிறவியில் வந்த அறிவுக் குறைக்கு மருந்து உண்டாகலாம் என்ற எண்ணமே அதுவரை கனவாயிருந்தது. பெற்றோர் உள்ளம் எவ்வாறு எழுந்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதன்பின் வந்தவை சோதனைகள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தாரின் மாவோகுளூரண்ட் என்னும் மருந்து, வயது வந்தோர் 175 பேரிடமும் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள 139 பேரிடமும் பன்னிரண்டு வாரம் சோதிக்கப்பெற்றது. போலி மாத்திரை உண்டோரும் நலமடைந்ததாகக் குறிக்கப்பட்டமையால், மருந்துண்டோர் அவரின் மேம்பட்டதாகக் காணவில்லை. 2014-இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. தசை இறுக்கத்திற்கு நெடுங்காலமாக வழங்கும் பக்லோபென் என்னும் மருந்தின் ஒரு கூறாகிய ஆர்பக்லோபென்னும், அமெரிக்கச் சிறு நிறுவனமொன்றினாற் சோதிக்கப்பட்டு, குறித்த இலக்கை எய்தவில்லை. 2013-இல், பொருள் வசதி குன்றிய அந்நிறுவனம், சோதனைக்குப் பின்னும் மருந்தை உண்டுவந்த பிள்ளைகளுக்கு அதை அளிப்பதை நிறுத்திவிட்டது.

அப்பொழுது பெற்றோர் பலர் முறையிட்டனர். தம் பிள்ளை பிறரோடு பழகத் தொடங்கிற்றென்றும், அச்சம் தணிந்ததென்றும், இனி அது பழைய நிலைக்கு மீளுமே என்றும் வருந்தினர். இதனைக் கேட்டு, "தாயார் கண்டதினும் கணக்கர் கண்டது பெரிதோ?" என வினவுவாருளர். அவர் பக்கம் நாம் சேரோம். தொடர்ந்து மருந்துண்ட அக்காலத்தில் அது மெய்ம்மருந்தென்று பெற்றோர் அறிந்தேயிருந்தனர். நம்பிக்கை கண்ணுக்கு மை தீட்டவல்லது. போலி மாத்திரை உண்ட பிள்ளைகளின் தாய்மாரும் அன்பிற் குறைந்தவரல்லர். அவரும் நலத்தையே கண்டனர். போலி மாத்திரையை ஒழித்துவிட்டால், பயனற்றதும் சில வேளை தீங்குள்ளதுமான மருந்தைத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை ஆயுள் முழுதும் விழுங்க நேரும்.

ஆனால், "கணக்குத் தோற்றது, ஆகவே யாருக்கும் பயனில்லை" என்று கூறுவாரோடும் நமக்கு உடன்பாடில்லை. கணக்கு கூறுவது கூட்டத்தின் சராசரியை. நூறு பேரில் பத்துப் பேர் பெரும் பயனடைந்து தொண்ணூறு பேர் ஒன்றுமடையாராயின், அப்பத்துப் பேரும் சராசரியில் அமிழ்ந்துபோவர். அன்றியும், அச்சோதனைகளிற் பயன்பட்ட அளவுகோல் பெரிதும் வீட்டார் நிரப்பும் வினாத்தாளே. இரைச்சலுக்கு அஞ்சும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, இரத்தம் எடுக்கவிட்டு, மாதக்கணக்கில் மருந்தூட்டிய பெற்றோரின் உழைப்பை இத்தகைய கோலினால் அளந்து, "இல்லை" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுவது தகுமா?

உலக மருத்துவச் சங்கத்தாரின் ஹெல்சிங்கி அறிக்கை, 2013-இல் திருத்தப்பட்டபோது, சோதனையிற் பயனுள்ளதென்று கண்ட மருந்து அதன் பின்னும் வேண்டுவோர்க்குக் கிடைக்க முன்னதாகவே ஏற்பாடு செய்க என்று விதித்தது. நல்ல விதியே. ஆயினும், சோதனை தோற்றால் அவ்விதி வாய் திறவாது. நம் நாட்டில் 2019-இல் வந்த புது மருந்துச் சோதனை விதிகள், வேறு மருந்தில்லாத நோயில், அந்த நோயாளிக்குப் பயன்பட்டதென்று சோதனை நடத்தும் வைத்தியர் கண்டு, ஒழுக்க ஆய்வுக் குழுவும் பரிந்துரைத்தால், மருந்தை இலவசமாய்த் தொடர்ந்து அளிக்க இடந்தருகின்றன. கூட்டத்தை விட்டுத் தனி ஆளை நோக்குவதால் இது ஒருபடி மேலென்பது நமது அபிப்பிராயம். ஆனால் வைத்தியர் கண்ணும் மை தீட்டப்படக் கூடியதன்றோ?

ஆதலின் நாம் வேண்டுவது இது. பயனடைந்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகளை மட்டும் தனியே கொண்டு, சில வாரம் மெய்ம்மருந்தும் சில வாரம் போலியுமாக, எது எப்பொழுதென்று வீட்டாரும் வைத்தியரும் அறியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கவேண்டும். மருந்து மறைவாய் நிறுத்தப்பட்ட காலத்தைத் தாயார் மீண்டும் மீண்டும் சரியாய்ச் சுட்டுவாராயின், அவர் கண்டது மெய். அப்பிள்ளைக்கு மருந்தை மறுப்பது கொடுமை. சுட்டாராயின், அவரே மனந்தெளிந்து அதனை விடுவார். இது புதுமையன்று, தனி நோயாளிச் சோதனை என்று வைத்திய நூலார் கையாளும் முறையே. நிறுத்துவதாற் கேடு வரும் மருந்துகளில் மட்டும் இதற்குச் சிறிது எச்சரிக்கை வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பர். பொருளற்ற சிறு நிறுவனத்தை வற்புறுத்துவதாற் பயனில்லை என்பதும் உண்மை. எனவே சோதனை தொடங்குமுன்னரே அதற்குரிய தொகை பிறர் கையில் வைப்பாக வைக்கப்பட வேண்டும். பாலம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பிடித்துவைக்கும் உலகம், பிள்ளைகள் விஷயத்தில் அதைச் செய்யத் தயங்குவானேன்?

அளவுகோலும் திருந்திவருகிறது என்பதைச் சொல்லாது விடுதல் நியாயமன்று. 2021-இல் சிக்காகோவில் வயது வந்த ஆடவர் முப்பதின்மரிடம் வேறு வகை மருந்தொன்றைச் சோதித்தோர், வீட்டார் சொல்லோடு நில்லாது, சொற்களை வாய்விட்டுப் படிக்கவும் படத்தைப் பார்த்துச் சொல்லை அறியவும் அவருக்குள்ள திறனை நேரே அளந்து, முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டனர். முப்பது பேரைக்கொண்டு தீர்ப்புக் கூறுதல் ஆகாது. எனினும் சதர்லாந்தின் ஊட்ட நீர் நம் நினைவுக்கு வருகிறது.

நம் மாணவருள் வைத்தியத் தொழிலை மேற்கொள்வோர் சிலர், இத்தகைய சோதனையொன்றிற்குப் பெற்றோரிடம் ஒப்புதல் பத்திரத்தை நீட்டும் நாள் வரும். கையொப்பமிடுமுன் அத்தாயார், "இது முடிந்த மறுநாள் என் மகனுக்கு என்ன?" என்று கேட்பார். பத்திரத்தில் அதற்கு விடையாக ஒரு பத்தி இருக்கிறதா என்று அவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.