விதை நோயாளியுடையது, விலை யாருடையது?

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்டால் வெல்வது அரிது. ஆயினும் புற்றுக்கட்டிக்குள்ளேயே அதை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்கள் சில உண்டு. கட்டியை அறுத்தெடுத்து, அவ்வணுக்களைப் பிரித்து, பல நூறு கோடியாகப் பெருக்கி, நோயாளிக்கே திரும்பச் செலுத்துகின்றனர். சிறு படையைப் பெரும்படையாக்கும் வித்தை இது!

அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர் ஸ்டீவன் ரோசன்பர்க் குழுவினர் இதன் பயனை 1988-இல் வெளியிட்டனர். 2024-இல் தனியார் நிறுவனமொன்றின் ‘அம்டாக்வி’ அங்கே அனுமதி பெற்றது. அப்போது அறிவித்த விலை 5,15,000 டாலர்!

அணு வளர்ப்பது எளிதன்று, செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதை நோயாளியுடையது. வழி கண்டது மக்கள் வரிப்பணம். அப்படியிருக்க, இத்தனை விலை நியாயமா?

வேறு வழியும் உண்டு. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் மருத்துவ ஆய்வு நிலையங்களே முன்னின்று 168 நோயாளிகளிடம் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டன. நோய் மேலும் முற்றாமல் நின்ற இடைநிலைக் காலம் இபிலிமுமாப் மருந்தில் 3.1 மாதம், அணுச் சிகிச்சையில் 7.2 மாதம்.

அரசுக் கல்லூரியில் பிறர் வரிப்பணத்தில் அறிவியல் பயிலும் நண்பர்களே! பொதுப் பணத்தில் விளைந்த அறிவு, பணமுள்ளவர் வாசலோடு நின்றுவிடலாகாது.