படத்தில் விழுந்த பெருக்கல் குறி



பள்ளி நிழற்படக் கழகத்திற்கு என்ன வாங்கித் தரலாம் என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். ஒளியைக் குறைக்கும் 'வேரியபல் என்டி' வடிகட்டியையே பலரும் முதலில் சொல்கின்றனர். வளையத்தைச் சுழற்றினால் போதும். ஒரே கண்ணாடி பல கண்ணாடிகளின் வேலையைச் செய்யும். சிக்கனந்தான். ஆயினும், அகன்ற கோண வில்லைக்கு அதை வாங்க வேண்டா என்பதே என் கருத்து.

இது நான் பட்டறிந்த பாடம். ஒரு மாலை, பாகான் டாலாம் கடலோரத்தில் மாணவர்களுடன் நின்றிருந்தேன். எதிரே பினாங்குத் தீவு. கொம்தார் கட்டடத்திற்கு அப்பால் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான். கடல்நீர் பட்டுப்போல் தெரிய வேண்டுமென்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நான்கு விநாடிப் படம் எடுத்தாள். வானத்தின் நடுவே பெருக்கல் குறிபோல் ஒரு கருநிழல்! "கண்ணாடியைத் துடைத்தாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் தலை குனிந்தாள். கண்ணாடியோ தூய்மையாகத்தான் இருந்தது.

உண்மை என்ன? அவ்வடிகட்டிக்குள் இரண்டு முனைவாக்கக் கண்ணாடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். ஒன்றைத் திருப்பத் திருப்ப ஒளி குறையும். இதன் கணக்கைப் பிரெஞ்சு அறிஞர் மாலுஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். 60 பாகையில் கால் பங்கு ஒளி வரும். 80 பாகையிலிருந்து 85க்குத் திருப்பினாலோ, எஞ்சியதிலும் முக்கால் பங்கு போய்விடும். அவ்வெல்லையில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

முழுச்சட்டகப் படக்கருவியில் 50 மி.மீ. வில்லை ஏறத்தாழ 47 பாகைக் காட்சியைக் காணும், 16 மி.மீ. வில்லையோ 107 பாகை. ஓரங்களிலிருந்து மிகச் சாய்ந்து வரும் கதிர்களுக்கு அவ்விரு கண்ணாடிகளும் ஒரே கோணத்தில் அமைவதில்லை. சில திசைகளில் ஒளி கசியும். சில திசைகளில் இருளும். அதுவே அந்தப் பெருக்கல் குறி. தடித்த வளையமும் படத்தின் மூலைகளைக் கறுக்கச் செய்யும்.

ஆதலால், அகன்ற கோணத்திற்கு மாறா அடர்வுள்ள என்டி 8, என்டி 64 வடிகட்டிகளே ஏற்றவை. அவை முறையே எட்டில் ஒரு பங்கும் 64இல் ஒரு பங்கும் ஒளியை விடும். பெரிய வில்லையின் விட்டத்திற்கு வாங்கி, சிறியவற்றுக்கு இணைப்பு வளையம் பொருத்தினால் செலவும் குறையும். சுழல் வடிகட்டி ஏற்கெனவே இருந்தால் வீசத் தேவையில்லை. காணொளிக்கும் 50 மி.மீ. வில்லைக்கும் அது நன்கு உதவும். அகன்ற கோணத்தில் அதன் கடைசி எல்லை வரை திருப்பாதீர்கள்.

அம்மாணவியிடம் மறுநாள் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையின் படைப்பில் பிழை தெரிந்தால், முதலில் நாம் கொடுத்த கருவியைச் சோதிப்போம். பிள்ளையைக் கடிவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.