நஞ்சைத் தின்னும் பாக்டீரியாவும் நம்ம உளுந்தும்

புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கும். அதில் மணி மணியாக இருப்பதுதான் சிலிக்கா ஜெல். நம்ம நெல் உமியில் நிறைந்திருக்கும் அதே சிலிக்காதான். இந்த மாதிரி ஜெல்லுக்குள் பாக்டீரியாவை அடைத்து வேலை வாங்கலாம் என்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2012-ல் காட்டினார்கள். நல்ல விஞ்ஞானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எதனால் தேவைப்பட்டது என்பதை உழவர்கள் நாம் யோசிக்கணும்.

மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கிற அட்ரசின் களைக்கொல்லி நமக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க மக்காச்சோளக் காடுகளில் அறுபது வருசத்துக்கும் மேலாக அதை அடிக்கிறார்கள். மழையில் கரைந்து ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் போய்விட்டது. குடிநீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்த நாடு வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.1 மைக்ரோகிராம்தான். நிலத்தடி நீர் அந்த வரம்புக்குள் நிற்காது என்று கண்டதும் 2004-ல் அட்ரசினுக்கு அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள்.

இந்த நஞ்சு கொட்டிக் கிடந்த ஒரு இடத்து மண்ணில், அதையே தின்று வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை 1990-களில் கண்டுபிடித்தார்கள். அட்ரசினில் உள்ள குளோரினை அது கழற்றிவிடும். கழற்றினால் செடியைக் கொல்லும் சக்தி போய்விடும். அந்த வேலையைச் செய்யும் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைத்தான் ஜெல்லில் அடைத்தார்கள். ஜெல்லின் நுண்துளை வழியே தண்ணீரும் நஞ்சும் உள்ளே போகும், பாக்டீரியா வெளியே வர முடியாது. 23 டிகிரியில் ஜெல்லை இறுகவிட்டால் பாக்டீரியா உயிரோடு இருக்கும். 45 டிகிரியில் செத்துவிடும். செத்த பிறகும் அதன் உடம்பிலுள்ள நொதி நாலு மாதம் வரை நஞ்சை முறித்தது.

ஏற்கெனவே தண்ணீர் கெட்டுப்போன ஊருக்கு இது உதவலாம். ஆனால் இந்த ஜெல், குழாயிலும் தொட்டியிலும் வருகிற தண்ணீரைத்தான் சுத்தம் பண்ணும். ஓடையையும் கிணற்றையும் காட்டையும் தூக்கி அதற்குள் போட முடியுமா? அடிக்கிறவர் ஒருத்தர், விற்கிறவர் ஒருத்தர், சுத்தம் பண்ணும் செலவு மட்டும் தண்ணீர் குடிக்கிறவர் தலையில். "அதான் சுத்தம் பண்ண வழி வந்தாச்சே, தைரியமா அடிங்க" என்று நாளைக்கு யாராவது சொன்னால் ஏமாந்துவிடக் கூடாது.

நம்ம ஊரில் வழி இருக்கிறது. மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிர் போட்டால் அட்ரசின் அடிக்காதீர்கள் என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்லுது. ஏன்னா, அந்த மருந்து பயறையும் களையாக நினைத்துக் கொன்றுவிடும். அப்போ மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போதே உளுந்தையும், அதன் வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

"களையெடுக்க ஆள் எங்கே, கூலி கட்டுமா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. உளுந்து இடைவெளியை மூடினால் களை மட்டுப்படும். ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு களை எடுத்துத்தான் ஆகணும். உளுந்தில் வரும் காசு அந்தக் கூலியில் ஒரு பங்கையாவது ஈடுகட்டும். முழுக்காட்டிலும் பயமாக இருந்தால், வரும் புரட்டாசிப் பட்டத்தில் அரை ஏக்கரில் மட்டும் போட்டுப் பாருங்க. வரவு செலவை எழுதி வைத்து, பக்கத்துக் காட்டுக்காரரிடம் காட்டுங்க.

இன்னொன்றும் செய்வோம். பெரம்பலூர் மாதிரி மக்காச்சோளம் நிறைந்த பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரில் அட்ரசின் எவ்வளவு இருக்கிறது என்று அரசு சோதித்து, ஊர் ஊராக வெளியிடணும். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகக் கொடுப்போம். அது நம்ம பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்.