பெற்றோர் பக்கம்: ‘உங்க பையன் செலக்ட் ஆயிட்டான்!’ - கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு மெயில் வருகிறது. ‘வாழ்த்துகள்! உங்கள் மகன் எங்கள் எலைட் அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். நாளை மறுநாள் மாலைக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ளவும்.’

அமெரிக்காவில், டல்லாஸ் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபிரிஸ்கோவில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குப் பதினோரு வயது. மெயிலைப் பார்த்ததும் அவன் ஹாலில் குதிக்கிறான். அம்மா கட்டண விவரத்தைத் திறக்கிறார். அப்பா மேப்பில் மைதானம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். ஒரு வழிக்கு ஐம்பது நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. அதே நாள்களில்தான் தங்கைக்கு நீச்சல் வகுப்பு.

மதுரையில் அப்போது காலை. வீடியோ காலில் விஷயத்தைக் கேட்ட தாத்தா, “ஸ்கூல் டீம்ல விளையாட வேண்டியதுதானப்பா? பந்து விளையாடறதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?” என்கிறார்.

நியாயமான கேள்விதான். நம் ஊரில் பி.டி. வாத்தியார் கண்ணில் பட்டால் பள்ளி அணி, பிறகு மாவட்டம், மாநிலம், விளையாட்டு விடுதி, கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒரு பாதை இருக்கிறது. அமெரிக்காவில் சாக்கர் என்று சொல்லப்படும் நம் கால்பந்துக்கு அந்தப் பாதை பள்ளிக்கூடம் வழியாகப் போவதில்லை. உயர்நிலைப் பள்ளி அணிகள் வருஷத்தில் சில மாதங்கள்தான் ஆடும். மற்ற மாதங்களில் பயிற்சி, போட்டி எல்லாமே கிளப்தான். அந்த கிளப்பைப் பெற்றோரின் பணம்தான் நடத்துகிறது.

மூன்று படிகள்

முதல் படி, பொழுதுபோக்கு லீக். ‘ரெக்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். 1964-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். பெயர் கொடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் இடம் உண்டு. ஒவ்வொருவரும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்பது அங்கே கொள்கை. பெரும்பாலும் யாரோ ஒரு குழந்தையின் அப்பாவோ அம்மாவோதான் கோச். செலவு குறைவு.

இரண்டாவது படி, போட்டி கிளப். செலக்ட், டிராவல் என்றும் பெயர்கள் உண்டு. இங்கே டிரை-அவுட் வைத்து ஆள் எடுப்பார்கள். கோச்சுக்குச் சம்பளம் உண்டு. ஒரே வயதில் முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று பிரித்திருப்பார்கள். வெளியூர் போட்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது படி, தேசிய அளவிலான லீக்குகள். அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பே 2007-ல் டெவலப்மென்ட் அகாடமி என்று ஒன்றைத் தொடங்கியது. 2020-ல் அது மூடப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்காக எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், பெண் பிள்ளைகளுக்காக கேர்ள்ஸ் அகாடமி என்ற இரண்டு லீக்குகள் அதே ஆண்டில் வந்தன. பெண்களுக்காக 2009-ல் தொடங்கி, பிறகு ஆண்களுக்கும் விரிந்த இ.சி.என்.எல். இன்னொரு பெரிய லீக்.

இந்த வரைபடம் பெற்றோருக்குத் தலைசுற்றலைத் தருவதற்குக் காரணம் உண்டு. யூ.எஸ். யூத் சாக்கர், யூ.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. எனப் பல அமைப்புகள் ஒரே கூட்டமைப்பின் கீழ் தனித்தனியாக லீக் நடத்துகின்றன. ஒரே ஊரில் மூன்று கிளப்கள் தங்களை ‘பிரீமியர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். எலைட், அகாடமி, செலக்ட் என்ற சொற்களை அணியின் பெயரில் வைத்துக்கொள்ள எந்தத் தகுதித் தேர்வும் கிடையாது. எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தால் மேல் லீக்குக்குப் போய்விடலாம் என்பதும் தேசிய லீக்குகளில் பெரும்பாலும் நடக்காது. எந்த கிளப்பைச் சேர்ப்பது என்பதை லீக்தான் முடிவு செய்கிறது.

அதனால் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அந்த அணி இந்த வருஷம் யார் யாரோடு, எந்தெந்த ஊரில் ஆடப்போகிறது என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உருப்படியான வேலை.

பணம் எங்கே போகிறது?

கோச் சம்பளம், மைதான வாடகை, லீக் பதிவு, நடுவர் கட்டணம் ஆகியவை கிளப் கட்டணத்துக்குள் வரும். பெரும்பாலும் அதற்குள் வராதவை ஜெர்ஸி, டிராக் சூட், பை அடங்கிய கிட், டோர்னமென்ட் கட்டணம், ஹோட்டல், பெட்ரோல், சில அணிகளில் கோச்சின் பயணச் செலவில் ஒரு பங்கு. சில டோர்னமென்ட்டுகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் 2024-ல் நடத்திய ஆய்வில், ஒரு குழந்தையின் முக்கிய விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 1,016 டாலர் செலவழிப்பதாகத் தெரியவந்தது. இது எல்லா விளையாட்டையும், எல்லா நிலையையும் சேர்த்த சராசரி. மேல்மட்ட சாக்கர் கிளப்களில் கட்டணம் மட்டுமே பல ஆயிரம் டாலரைத் தொடும்.

ஏன் பெற்றோர் தலையிலேயே எல்லாம் விழுகிறது? ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரர் பணத்துக்கு வேறு நாட்டு கிளப்புக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவிகிதம் அவரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்களுக்குப் போக வேண்டும். 12 வயது முதல் 23 வயது வரையிலான பயிற்சிக்கு அந்தப் பங்கு. அமெரிக்காவில் நெடுங்காலம் இந்தப் பங்கு கிளப்களின் கைக்கு வரவில்லை. இனி இதைக் கேட்டு வாங்குவோம் என்று எம்.எல்.எஸ். அறிவித்ததே 2019-ல்தான். வளர்த்த பிள்ளையால் பிற்பாடு வருமானம் இல்லை என்றால், வளர்க்கும்போதே கட்டணம் வாங்குவதைத் தவிர கிளப்புக்கு வேறு வழி இல்லை. எம்.எல்.எஸ். தொழில்முறை கிளப்களின் அகாடமிகள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால், அங்கே இடம் கிடைப்பவர்கள் மிகச் சிலர்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள்

இந்தக் கணக்கு ஒரு குடும்பத்தை எப்படி நெருக்கும் என்பதற்கு கிளின்ட் டெம்ப்சியின் கதை உண்டு. டெக்சாஸில் நாகடோச்சஸ் என்ற சின்ன ஊர். வசதியில்லாத குடும்பம். பையனின் திறமையைப் பார்த்த டல்லாஸ் கிளப் ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சிக்குப் போக ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

அவருடைய அக்கா ஜெனிஃபர், டென்னிஸில் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளின் செலவையும் வீடு தாங்கவில்லை. தம்பி கிளப்பை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. 1995-ல், 16 வயதில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஜெனிஃபர் இறந்துபோனார். அதன் பிறகுதான் டெம்ப்சி மறுபடி கிளப்புக்குத் திரும்பினார். செலவிலும் பயணத்திலும் அணியின் மற்ற பெற்றோர் கைகொடுத்தார்கள்.

அந்தப் பையன் 2014 உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் கேப்டன். நாட்டுக்காக 57 கோல்கள். 2022-ல் தேசிய சாக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். அந்த ஹால் இருப்பது, மெயில் வந்த அதே ஃபிரிஸ்கோவில்தான்.

இதைப் படித்துவிட்டு ‘நாமும் எப்படியாவது கடன் வாங்கியாவது...’ என்று கிளம்பிவிடக் கூடாது. டெம்ப்சி அளவுக்கு வருபவர்கள் லட்சத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால், ஒரு பிள்ளையின் கிளப்புக்காக இன்னொரு பிள்ளையின் ஆசை ஓரம் போகும் நிலை எத்தனையோ வீடுகளில் வரும். மெயில் வந்த ராத்திரியே அந்தக் கணக்கையும் போட்டுவிட வேண்டும்.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமே?

பல பெற்றோர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில்கூட, ஆண்கள் சாக்கர் அணிக்குச் சமீப காலம் வரை மொத்தமே 9.9 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அதைத்தான் இருபது, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல் விதி மாறி, பல கல்லூரிகளில் அணியின் அளவுக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்குப் பணம் கொடுப்பது என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் ஐவி லீக்கிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15-க்கு முன் முதல் பிரிவு சாக்கர் கோச் மாணவரை நேரடியாக அழைக்கவும் முடியாது. பதினோரு வயதில் ‘காலேஜ் பாதை’ என்று யாராவது விற்றால் நிதானமாகக் கேளுங்கள்.

வயசுக் கணக்கும் உண்டு

2017 முதல் ஜனவரி 1-ஐ வைத்து வயதுப் பிரிவு பிரித்தார்கள். முன்பு சொன்ன மூன்று அமைப்புகளும் 2026-27 பருவத்திலிருந்து ஆகஸ்ட் 1-க்கு மாறுகின்றன. எந்தத் தேதியை வைத்தாலும், அந்தத் தேதியை ஒட்டிப் பிறந்தவர்கள் பிரிவிலேயே மூத்தவர்கள். பதினோரு வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் வேகத்திலும் கண்ணுக்குத் தெரியும். டிரை-அவுட்டில் பெரிய பையன்கள் முன்னே வருவது இதனாலும்தான். இந்த வருஷம் தேர்வாகாத பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை.

கேட்க வேண்டியவை

1. அணியில் எத்தனை பேர்? பதினோரு வயதில் ஆட்டம் 9 பேருக்கு 9 பேர், மொத்தம் 60 நிமிடம். அணியில் 16 பேர் என்றால், சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு ஏறத்தாழ 34 நிமிடம்தான். 12 பேர் என்றால் 45 நிமிடம்.

2. வருஷத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு? கிட், டோர்னமென்ட், ஹோட்டல் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்.

3. அடிபட்டாலோ, ஊர் மாறினாலோ பணம் திரும்ப வருமா? பல ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டால் முழு வருஷக் கட்டணமும் கட்டியே ஆக வேண்டும்.

4. உதவித்தொகை உண்டா? பல கிளப்களில் உண்டு. கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

5. பள்ளி அணியிலும் ஆடலாமா? சில லீக்குகள் அனுமதிப்பதில்லை.

6. கோச்சுக்கு உரிமம், சேஃப்ஸ்போர்ட் பயிற்சி இருக்கிறதா? பெரியவர் யாரும் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, பெற்றோருக்குத் தெரியாமல் மெசேஜ் அனுப்பக் கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

7. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று கூட்டமைப்பு 2015-ல் அறிவித்தது. தம்பி தங்கையும் சேரப்போகிறார்கள் என்றால், பயிற்சியில் இது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள்.

ஃபிரிஸ்கோ வீட்டில் அந்த அப்பா முதல் கேள்வியை மெயிலில் கேட்டார். ‘16 பேர். எவ்வளவு நேரம் என்று உறுதி சொல்ல முடியாது’ என்று பதில் வந்தது. பதிலில் பொய் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து கிளப்பின் இரண்டாம் அணியில் 12 பேர். மைதானம் பத்து நிமிஷத்தில். தங்கையின் நீச்சலும் நிற்காது. பையன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை உட்கார வைத்து 34, 45 என்று எழுதிக் காட்டினார். “அடுத்த வருஷம் மறுபடியும் டிரை பண்ணலாமா?” என்று கேட்டான். பண்ணலாம் என்றார்கள்.

முதல் ஆட்டம் முடிந்த அன்று மதுரையிலிருந்து போன் வந்தது. ஜெயித்தார்களா என்று தாத்தா கேட்கவில்லை.

“எத்தனை நிமிஷம்டா இறக்கிவிட்டாங்க?”

“நாப்பத்தெட்டு, தாத்தா!”