கணக்கில் வராத அடிகள்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நகை பறித்த ஒருவன் பிடிபட்ட செய்தியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "நாலு சாத்துச் சாத்தினாத்தான் சாமி இவனுங்க திருந்துவானுங்க" என்றார் ஒரு பெரியவர். சூழ நின்றோர் யாவரும் தலையசைத்தனர். அவர் நாள் தவறாது பூசை காண்பவர். எறும்புக்கும் தீங்கு நினையாதவர். ஆதலால்தான் அச்சொல் நம் நெஞ்சைவிட்டு அகல மறுக்கிறது.

அடித்து உண்மை வாங்கும் உரிமையைச் சட்டம் எவருக்கும் கொடுத்ததில்லை. காவல்துறை அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. வெள்ளைக்கார அரசே தன் போலீசாரை அதற்குமேல் நம்பவில்லை போலும்! 1996-இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யப்பட்டவரின் உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது.

அப்படியிருந்தும் எத்தனை பேர் காவலில் இறக்கின்றனர்? இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. காவலில் நேரும் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டுமென்று 1993-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பணித்தது. அவ்வாறு அதனிடம் பதிவான போலீஸ் காவல் மரணங்கள் 2021-22-இல் 175. தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனமோ 2021-க்கு 88 என்று அச்சிட்டது. ஓர் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மற்றது ஜனவரியில் தொடங்குகிறது. ஆயினும் ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டாய் வேறுபடுவதற்கு அந்த மூன்று மாதம் போதிய விளக்கமாகுமா?

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19-ஆம் நாள், ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட அவ்விருவரும் 22, 23 ஆகிய நாட்களில் அடுத்தடுத்து இறந்தனர். இறந்த வேளையில் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் நீதிமன்றக் காவலில் இருந்தவர்கள். போலீஸ் காவல் மரணம் என்ற தலைப்பை மட்டும் பார்த்து எண்ணிச் செல்பவனுக்கு இத்தகையோர் அகப்படார். அந்நிலையத்துக் காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நடுவர் கண்டார். அங்குப் பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து வாய் திறந்திராவிடில் என்ன ஆகியிருக்கும்! அவரும் காக்கி உடுத்தவரே என்பதை மறத்தலாகாது.

மக்கள் மனத்தை அளப்பது இதனினும் கடினம். 2019-இல் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 21 மாநிலங்களில் ஏறக்குறைய 12,000 காவலரிடம் கேட்டபோது, குற்றவாளிகளிடம் வன்முறையைக் கையாள்வது தவறன்று என நான்கில் மூவர் கருதினர். காவலரை மட்டும் பழித்துப் பயனில்லை. அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், பெண் மருத்துவர் ஒருவரைச் சீரழித்துக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நால்வர் ஐதராபாத் அருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்மீது பூமாரி பொழிந்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையம், காவலர் கூறிய கதை நம்பத்தக்கதன்று என்றும், 10 பேரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றும் 2022-இல் அறிக்கை தந்தது. அப்போது பூத் தூவியவர்களில் எத்தனை பேர் அதனைப் படித்திருப்பர்?

இறந்தவரையாவது யாரோ எண்ணுகின்றனர். அடிபட்டு வீடு திரும்பியவரை எண்ணுவார் எவருமிலர். இதனை நாம் அறிந்து சொல்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது கோயில் உண்டியல் களவு போயிற்று. நாமே புகார் எழுதிக் கொடுத்தோம். யார்மேல் ஐயம் என்று அதிகாரி வினவியபோது, கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்த ஓர் இளைஞன் பெயரைச் சொன்னோம். "சற்று விசாரித்துப் பாருங்கள்" என்ற நம் சொல்லுக்கு அவ்விடத்தில் என்ன பொருள் என்பதை நாம் அறியாதவர் அல்லர். மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டனர். உண்மைத் திருடன் பின்னர் வேறோர் ஊரில் அகப்பட்டான்.

அவன் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாய் கடுங்காப்பி கொடுத்தாள். அவனோ கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, "பெரியாஸ்பத்திரிக்கு வேணாம் சாமி, கேஸாயிடும்" என்றான். நாமும் வற்புறுத்தவில்லை, மேலிடத்துக்கு எழுதவுமில்லை. எழுதினால் நம் புகாரையும் சேர்த்தன்றோ எழுத நேரும்.

சென்ற ஞாயிறு அப்பெரியவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அந்தப் பையன் இப்ப எங்க சாமி இருக்கான்?" என்று கேட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்றோம். வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. வெள்ளையடிக்கும் வேலையை அப்போதே விட்டுவிட்டான்.