லீவு நாள் மீட்டிங்குக்கு வர்றீங்களா?

ஆகஸ்ட் 15 அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? காலேஜ்ல கொடியேத்தம், மிட்டாய், அப்புறம் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ரவுண்டு, சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில அரட்டை. கரெக்ட்டா? அதே நாள்ல உங்க ஊர்ல ஒரு கூட்டம் நடக்குது. தினமும் பஸ் பிடிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குறீங்களே, அந்த ஊர்லதான்!

கிராம சபையைத்தான் சொல்றேன். ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் உறுப்பினர். வருஷத்துக்கு நாலு தடவை நடந்த கூட்டம் 2022ல ஆறாச்சு. வந்த பணம் எவ்வளவு, எங்கே செலவாச்சு, எந்த வேலை பாதியில நிக்குது, அடுத்த வருஷத்துக்கு என்ன திட்டம்... எல்லாம் அங்கே பேச வேண்டியது.

ஆனா பல ஊர்ல நடக்கிறது என்ன? 501ல இருந்து 3,000 பேர் வரைக்கும் இருக்கிற ஊராட்சிக்கு 100 பேர் வந்தாதான் கூட்டம் செல்லும். அந்தக் கணக்குக்காக நோட்டுல கையெழுத்து ஓடும். வரவு செலவை வேகமா வாசிப்பாங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கேக்கத் தெரிஞ்ச நாம, ஹாஸ்டல்ல தூங்கிட்டிருப்போம்!

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் போனா, கோயில் சுவர்ல பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919லயும் 921லயும் வெட்டினது. ஊர் வாரியங்களுக்குக் குடவோலையில ஆள் எடுப்பாங்க. பதவி ஒரே வருஷம். வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவர் பேரை மறுபடி குடத்துல போடவே கூடாது. அவரோட சொந்தக்காரங்க பேரும் அவுட்! ஆனா அன்னிக்கு பேர் குடத்துக்குள்ள போகணும்னா சொந்த நிலம் வேணும், 35 வயசு ஆகியிருக்கணும், வேதப் படிப்பும் வேணும். இன்னிக்கு கேள்வி கேக்க 18 வயசும் ஓட்டும் போதும். ஆணோ பெண்ணோ, நிலம் இருக்கோ இல்லையோ!

திருச்சி மாவட்டத்துல 2019ல தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு, தனி அலுவலர்கள் வந்தாங்க. நாற்காலியில இருக்கிற ஆள் மாறலாம். கேக்கிற உரிமை உங்ககிட்டயேதான் இருக்கு.

'நான் ஸ்ரீரங்கம் டவுன் பாஸ், எனக்கென்ன?'ங்கறீங்களா? ஸ்ரீரங்கம் 1994லயே மாநகராட்சியில சேர்ந்தாச்சு. அதனால கிராம சபை கிடையாது. ஆனா 2022 நவம்பர்ல இருந்து நகரத்துக்குப் பகுதி சபை வந்திருக்கு. தப்பிக்க முடியாது!

அடுத்த கூட்டத்துக்கு மூணே வேலை. ஒண்ணு, ஒரே ஒரு கேள்வியைப் பேப்பர்ல எழுதிட்டுப் போங்க: 'போன வருஷம் போட்ட தண்ணித்தொட்டி ஏன் இன்னும் நிரம்பல?' ரெண்டு, அதைத் தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லுங்க. மூணு, எழுதினதை எல்லார் முன்னாடியும் வாசிக்கச் சொல்லுங்க. வாயால சொன்ன பதில் காத்துல போயிடும். நோட்டுல ஏறினது அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.

தனியா போக தயக்கமா? ஊர்ல இருக்கிற ரெண்டு ஃப்ரெண்டையும் இழுத்துட்டுப் போங்க. கூடவே அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. தண்ணி வராத நாள்கணக்கு உங்களைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்!