விற்காத வரை நஷ்டமில்லையா?

பங்குச்சந்தை விழும்போதெல்லாம் ஒரு வசனம் கிளம்பும். மும்பை தலால் தெருவிலும் கேட்கும், திருமங்கலம் டீக்கடையிலும் கேட்கும். "விக்காத வரைக்கும் நட்டமே இல்லண்ணே, எல்லாம் பேப்பர்ல தான்." கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே அண்ணன்தான் பங்கு ஏறியிருந்த மாதத்தில் "இன்னிக்கித் தேதிக்கு நம்மகிட்ட மூணு லட்சம் இருக்கு" என்று சொன்னவர். அப்போதும் அவர் விற்கவில்லை. ஏறினால் சொத்து, இறங்கினால் வெறும் பேப்பரா? இது என்ன கணக்கோ!

திருமங்கலத்தைச் சுற்றி கரிசல் காடு, பருத்தி விளையும் பூமி. விலை ஏறட்டும் என்று பருத்தியை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு சம்சாரியிடம் போய், விலை பாதியாக இறங்கிய அன்று, "நீங்கதான் இன்னும் விக்கலையே, உங்களுக்கு ஏது நட்டம்?" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வார்த்தை கிடைக்காது. நகைக்கும் அப்படித்தான். அடகு வைக்கப் போகிறவர் வாங்கின பில்லை நீட்டினால் யார் பார்க்கிறார்கள்? எடை போட்டு, இன்றைய ரேட்டில்தான் கடன். பங்கை அடமானம் வைத்தாலும் வங்கி பார்ப்பது இன்றைய விலையைத்தான். விலை இறங்கினால் "மேற்கொண்டு பணம் கட்டு, இல்லையென்றால் விற்றுவிடுவோம்" என்று கடிதம் வரும். பேப்பர் நஷ்டம் என்ற சமாதானம் அங்கே செல்லாது.

ஊர்ப்பக்கம் நன்றாகத் தெரிந்த உதாரணம் எல்.ஐ.சி. பாலிசி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியிட்டபோது, பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி என்றதும், பங்கு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட டீமேட் கணக்கு திறந்தார்கள். வெளியீட்டு விலை 949 ரூபாய், பாலிசிதாரருக்கு 889. குறைந்தபட்சம் 15 பங்கு, ஆக 13,335 ரூபாய். மே 17 அன்று சந்தைக்கு வந்த முதல் நாளே 900க்குக் கீழே. 2023 மார்ச் கடைசியில் 530 வரை போனது. 13,335 ரூபாய் 7,950 ஆகிவிட்டது.

பொறுத்திருந்தவர்களுக்கு 2024 பிப்ரவரியில் ஆயிரத்தைத் தாண்டியது. "பாத்தியா, விக்காம இருந்தேன், நட்டமே இல்ல" என்று சொன்னவர்கள் உண்டு. அப்படியா? 530க்கு இருந்த அன்று 5,385 ரூபாய் குறைந்திருந்தது நிஜம். பிறகு அது திரும்பி வந்ததும் நிஜம். இரண்டாவது நடந்ததால் முதலாவது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது. இதே பணத்தை ஆறு சதவீதத்துக்கு வங்கியில் போட்டிருந்தால் அந்த 21 மாதத்தில் சுமார் 1,400 ரூபாய் வட்டி வந்திருக்கும். எல்.ஐ.சி. அதற்குள் கொடுத்த ஈவுத்தொகை, 15 பங்குக்கும் சேர்த்து, 67 ரூபாய் 50 காசு. 2025 மார்ச்சில் அதே பங்கு மறுபடி 750க்குக் கீழே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீண்டகால முதலீட்டாளர்களின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கத்தான் செய்கிறது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே கிடந்தது. 2010 நவம்பரில் மறுபடி 21,000. பயந்து அடிமட்டத்தில் விற்றவர்தான் ஏமாந்தார். சரிதான். ஆனால் சென்செக்ஸ் மீண்டது, அதிலிருந்த எல்லாப் பங்குகளுமா மீண்டன? 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸின் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி என்று ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் பங்கு முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. (அதே வாரம்தான் திருமங்கலம் இடைத்தேர்தல். 'பார்முலா' சத்தத்தில் ஊருக்கு ராஜுவின் நினைவு இருக்காது!) உடனே சென்செக்ஸ் சத்யத்தைத் தூக்கிவிட்டு வேறு பங்கைச் சேர்த்துக்கொண்டது. செத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும் வசதி குறியீட்டுக்கு உண்டு. சத்யத்தை மட்டும் வைத்திருந்தவருக்கு அந்த வசதி ஏது?

ரிலையன்ஸ் பவர் இன்னும் மோசம். 2008 ஜனவரியில் சிறு முதலீட்டாளருக்கு 430 ரூபாய். பிறகு கொடுத்த போனஸைக் கணக்கில் எடுத்தாலும் அடக்க விலை 269. 2020ல் இரண்டு ரூபாய்க்கும் கீழே போனது. 2025ல் ஏறியபோதும் நூறை எட்டவில்லை. பதினேழு வருடம் விற்காமல் வைத்திருந்தவரிடம் "உமக்கு நஷ்டமே இல்லை" என்று சொல்ல நாக்கு வருமா? மொத்தச் சந்தையை நம்பினாலும் ஜப்பான் போல மாட்டிக்கொள்வது உண்டு. 1989 டிசம்பரின் உச்சத்தை நிக்கேய் மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பது வயதில் வாங்கியவருக்கு அப்போது அறுபத்து நான்கு.

ஆக, விலை இறங்கிய அன்றே நஷ்டம் வந்துவிட்டது. அது நிரந்தரமா, வந்து போவதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் விற்றோமா இல்லையா என்பதில் இல்லை. நிறுவனம் நல்லபடி நடக்கிறதா, பணம் எப்போது தேவை என்ற இரண்டில்தான் இருக்கிறது. வருகிற ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவருக்கு "இருபது வருஷம் பொறுங்க" என்பது அறிவுரையே இல்லை. மாதாமாதம் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கோ இதே சரிவு ஆடித் தள்ளுபடி. நஷ்டம் இருவருக்கும் நிஜம், ஆனால் தாங்கும் சக்தி ஒன்றல்ல.

நிலம் வாங்கியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களே என்பார்கள். தோப்பூரில் எய்ம்ஸ் என்று 2018ல் அறிவிப்பு வந்ததை நம்பி மனை வாங்கியவருக்கு, தினமும் காலை ஒன்பதேகாலுக்கு யாரும் விலையைக் காட்டுவதில்லை. அதனால் வந்த தூக்கம் அது. அந்த மனையின் விலை இறங்கவே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

"விற்காத வரை நஷ்டமில்லை" என்பதை அப்படியே ஒப்புக்கொள்ளும் ஓர் இடம் உண்டு, வருமான வரித்துறை! விற்றால்தான் அது மூலதன நஷ்டம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை சந்தையில் நஷ்டத்துக்கு விற்றால், அதை நீண்டகால லாபத்தில் மட்டும் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம். இனி தேறாது என்று தெரிந்த பங்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் இதையும் சேர்த்தே இழக்கிறார். விற்றவரும் கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னெடுத்துச் செல்ல முடியாது.